கொச்சி யூதப் பாரம்பரியப் பயணம்: சனிக்கிழமை பரவூர், ஞாயிறு மட்டாஞ்சேரி

வார இறுதியில் கொச்சிக்கு வரும் தமிழ்நாட்டுப் பயணிகள் பலர் சனிக்கிழமை காலை ரயிலை விட்டு இறங்கியதும் நேராக மட்டாஞ்சேரிக்குப் போகிறார்கள். அங்கே பரதேசி ஜெப ஆலயம் என்னும் யூத வழிபாட்டிடம் பூட்டியிருக்கும். யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளி மாலை சூரியன் மறையும்போது தொடங்கி சனி இரவு நட்சத்திரம் தெரியும்போது முடிகிறது. பார்வையாளர்களுக்கு வெள்ளி, சனி இரண்டு நாளும் அனுமதி கிடையாது. பக்கத்துச் சுவருக்கு அப்பால் இருக்கும் மட்டாஞ்சேரி அரண்மனைக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. பூட்டிய கதவைப் படம் எடுத்துவிட்டு, மசாலாக் கடையில் ஏலக்காய் வாங்கிக்கொண்டு திரும்பினால் பயணம் வீண்தான்.

வழிகாட்டிகளாக நாங்கள் சொல்லும் முறை எளியது. சனிக்கிழமை வடக்கே போங்கள். பரவூரிலும் சேந்தமங்கலத்திலும் உள்ள ஜெப ஆலயங்கள் இப்போது கேரள அரசின் முசிறிஸ் பாரம்பரியத் திட்டத்தின் கீழ் அருங்காட்சியகங்களாக இருக்கின்றன. அவற்றுக்குத் திங்கள்தான் விடுமுறை, சனிக்கிழமை திறந்திருக்கும். ஞாயிறு மட்டாஞ்சேரிக்கு. காலை 10 முதல் 1 வரை, பிறகு 3 முதல் 5 வரை என்பது அங்கே வழக்கமான நேரம். 12.45-க்குப் போய்ச் சேர்ந்தால் அவசரமாகச் சுற்றிவிட்டு வெளியே வர வேண்டியிருக்கும்.

யூதப் பண்டிகை நாட்களிலும் ஜெப ஆலயம் மூடியிருக்கும், அவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். யூத நாட்காட்டியும் நம் பஞ்சாங்கத்தைப் போலச் சந்திரனைப் பின்பற்றி, அவ்வப்போது அதிக மாதம் சேர்த்து ஓடுவது. பல ஆண்டுகளில் மஹாளய அமாவாசையை ஒட்டியே அவர்களின் புத்தாண்டு வரும். அப்படிப்பட்ட ஆண்டில் நம் விஜயதசமி நாளும் அவர்களின் யோம் கிப்பூர் என்னும் உபவாச நாளும் ஒன்றாகிவிடும். 2024-இல் அக்டோபர் 12, 2025-இல் அக்டோபர் 2 என இரண்டு முறையும் அப்படித்தான் அமைந்தது. ஆயுத பூஜை விடுமுறையை நம்பிக் கொச்சிக்கு டிக்கெட் போடும் குடும்பங்கள் ஏமாறுவது இதனால்தான். யோம் கிப்பூர் முடிந்த ஐந்தாம் நாள் கூடாரப் பண்டிகை தொடங்கி ஒரு வாரத்துக்கு மேல் நீளும். டிக்கெட் போடும் முன்பே அந்த ஆண்டின் யூதப் பண்டிகைத் தேதிகளை ஒருமுறை சரிபாருங்கள். ஒவ்வொரு பண்டிகையும் முந்தைய நாள் மாலையிலேயே தொடங்கிவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இன்னொரு பிழை ரயில் டிக்கெட்டில் நடக்கிறது. ‘பரவூர்’ என்று தேடினால் வருவது கொல்லம் பக்கத்துப் பரவூர் நிலையம். நீங்கள் போக வேண்டியது எர்ணாகுளம் மாவட்டத்து வடக்குப் பரவூர், அங்கே ரயில் நிலையமே இல்லை. ஆலுவாவில் இறங்குங்கள். அங்கிருந்து பஸ்ஸில் சுமார் 16 கிலோமீட்டர். எர்ணாகுளத்தில் தங்கியிருந்தால் சுமார் 25 கிலோமீட்டர்.

முதலில் பரவூரைப் பார்ப்பது நல்லது. கேரள ஜெப ஆலயத்தின் அமைப்பு முழுமையாகப் புரிவது இங்கேதான். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கட்டடம் இது. தெருவில் கேரளத்து நாலுகெட்டு வீட்டுக்கு இருப்பது போன்ற படிப்புரை, அதாவது வாயிற்கட்டடம். அதைத் தாண்டினால் முற்றம், தூண்கள் தாங்கும் நீண்ட கூரைப்பாதை, முன்னறை, கடைசியில் ஜெபக்கூடம். எல்லாம் ஒரே கோட்டில் நீள்கின்றன. செம்புரைக்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மர உத்தரம், ஓட்டுக்கூரை எல்லாம் இந்த ஊர் ஆசாரிமார் வேலை. உள்ளே நடக்கும் வழிபாடு எருசலேமை நோக்கியது. எருசலேம் இங்கிருந்து மேற்கே இருப்பதால் யூத வேதமான தோராவின் சுருள்களை வைக்கும் பேழையும் மேற்குச் சுவரில் இருக்கும்.

கூடத்தின் நடுவில் கிராதி சூழ்ந்த மேடை ஒன்று. அதை யூதர்கள் தேபா என்பார்கள். தலையை நிமிர்த்தி மாடியைப் பாருங்கள், அங்கே இன்னொரு தேபா தெரியும். மாடியிலும் ஒரு மேடை வைப்பது கேரள யூதர்களின் தனி மரபு. விசேஷ நாட்களில் தோராவை அங்கிருந்து வாசிப்பார்கள். அதன் பின்னால் மரத்தடுப்புக்கு அப்பால் பெண்கள் அமர்ந்திருப்பார்கள், அதனால் வாசிப்பு அவர்கள் காதருகிலேயே நடந்தது. இந்த ஒன்றைப் பார்க்காமல் வந்தால் பாதியைத்தான் பார்த்தீர்கள் என்பேன்.

பரவூரிலிருந்து சேந்தமங்கலம் சுமார் 4 கிலோமீட்டர். முசிறிஸ் திட்டத்தின் படகு ஓடும் நாளாக இருந்தால் ஆற்று வழியே போங்கள், சாலையில் போவதைவிட நூறு மடங்கு மேல். யூத வணிகர்கள் மிளகோடு பழகிய வழியே இந்தப் பெரியாற்றுக் கிளைகள்தான். படகு நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், கூட்டம் இல்லாத நாளில் குறைவாகவே ஓடும். முந்தின நாளே பரவூர் படகுத்துறையில் கேட்டு உறுதி செய்யுங்கள். உயிர்காப்பு உடையைக் கொக்கி மாட்டி, பட்டையை இறுக்கி அணிய வேண்டும். தோளில் சும்மா தொங்கவிட்டால் தண்ணீரில் விழுந்ததும் தலைக்கு மேலே கழன்று போகும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை பெருமழையில் ஆறு கலங்கி வேகமாக ஓடும், அப்போது வேண்டாம். துடுப்புப்படகு வாடகைக்கு எடுப்பவர்கள் கிளைக்கால்வாய்களோடு நின்றுகொள்ளுங்கள். முனம்பம் - அழிக்கோடு பக்கம் பெரியாறு கடலில் கலக்கும் அழிமுகத்தில் கடல்நீர் இறங்கும் வற்றத்தின்போது நீர் கடலை நோக்கி இழுக்கும், பழகாதவர் கைக்கு அது அடங்காது.

சேந்தமங்கலத்தில் நடப்பதற்கு இரண்டு மணி நேரம் வையுங்கள். கோட்டையில் கோவிலகம் குன்றைச் சுற்றி ஜெப ஆலயம், கோயில், தேவாலயம், மசூதி நான்கும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. ஜெப ஆலயத்தின் முன்னால் நிற்கும் ஒரு கல்லை மட்டும் தவறவிடாதீர்கள். இஸ்ரயேலின் மகள் சாரா என்ற பெண்ணின் கல்லறைக்கல் அது. ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லறை எழுத்துகளில் இதுவே மிகப் பழையது. எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்ப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் தயவுசெய்து வேண்டாம். மெல்ல உதிரும் கல்லில் ஒவ்வொரு தேய்ப்பும் ஒரு கோட்டை அழிக்கும். வெயில் சாய்ந்த பிறகு பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எழுத்து தானே எழும்பித் தெரியும்.

ஆற்றுக்கு அக்கரையில் கொடுங்கல்லூர். சங்கப் பாடல்களில் வரும் முசிறித் துறைமுகம் இந்தக் கழிமுகத்தில்தான் இருந்தது. சுமார் கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தபடி இசுப்பு இரப்பான் என்ற யூதத் தலைவனுக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் தலைமையையும் 72 உரிமைகளையும் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தான். அது வட்டெழுத்தில் இருக்கிறது. பகல் விளக்கு, பாவாடை, குடை, காளம், தோரணம் என்று அடுக்கும் அந்த உரிமைகளைத் தமிழ் அறிந்த யாரும் உரை இல்லாமலே பாதி படித்துவிடலாம். செப்பேடு மட்டாஞ்சேரியில் பாதுகாப்பில் உள்ளது, எல்லோருக்கும் எடுத்துக் காட்டுவதில்லை. அதைக் காட்டும்படி அங்கே இருப்பவர்களை வற்புறுத்தாதீர்கள்.

நேரம் மிச்சம் இருந்தால் மாளா என்னும் ஊருக்குப் போகலாம். 1955-இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த யூதர்கள் ஜெப ஆலயத்தையும் பரந்த கல்லறைத் தோட்டத்தையும் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். கல்லறைத் தோட்டத்தில் இன்று மிஞ்சியிருப்பவை மிகச் சில கல்லறைகளே. ஒப்படைக்கப்பட்ட பாரம்பரியத்தைக் காப்பதில் நாம் எங்கே தவறினோம் என்பதை இந்த இடம் நேராகவே காட்டுகிறது. கல்லறைகளின் மேல் உட்காரக் கூடாது. பூ வைப்பது அவர்கள் வழக்கம் அல்ல, சிறு கூழாங்கல் ஒன்று வைக்கலாம். வெளியே வந்ததும் கை கழுவுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரிக்கு எர்ணாகுளத்திலிருந்து வாட்டர் மெட்ரோவில் ஃபோர்ட் கொச்சி வரை போய், கரையோரமாகச் சுமார் இரண்டரை கிலோமீட்டர் நடந்தோ சைக்கிளிலோ போவது நன்றாக இருக்கும். மிகக் குறைந்த கட்டணத்தில் ஊரைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லும் ஆட்டோக்கள் சில, கமிஷன் தரும் கடைகளில் நிறுத்தி நிறுத்தியே 1 மணி ஆக்கிவிடும். கூலியை முன்பே பேசி, கடை வேண்டாம் என்று சொல்லி ஏறுங்கள்.

பரதேசி ஜெப ஆலயம் 1568-இல் எழுந்தது. 1662-இல் போர்த்துகீசியர் சேதப்படுத்தியதை டச்சுக்காரர் காலத்தில் சீரமைத்தார்கள். மணிக்கூண்டு 1760-ஐச் சேர்ந்தது, அதன் முகங்களில் எபிரேயம், ரோமன், மலையாளம் எனத் தனித்தனி எண்கள். வெளிச்சுவரில் பதித்திருக்கும் கல், 1344-இல் கொச்சங்காடியில் கட்டி அழிந்துபோன ஆலயத்தினுடையது. பலர் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். உள்ளே தரையில் இருப்பவை 18-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த கையால் வரைந்த நீலவெள்ளை ஓடுகள். செருப்பைக் கழற்றச் சொல்வதற்கு மரியாதையோடு இந்த ஓடுகளும் காரணம், ஷூவில் ஒட்டிய மணல் மேற்பூச்சைச் சுரண்டும். ஓடு வழுவழுப்பானது என்பதால் முதியவர்கள் சாக்ஸோடு நடக்க வேண்டாம்.

தோளும் முழங்காலும் மறையும் உடை போடுங்கள். ஆண்கள் தலையை மூடக் கைக்குட்டையோ தொப்பியோ வைத்துக்கொள்ளுங்கள். பேழையின் திரையைத் தொடாதீர்கள், தேபா மேல் ஏறாதீர்கள். படம் எடுப்பது பற்றி வாசலில் எழுதியிருப்பதே முடிவு. முழு ஜெபத்துக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும், இன்று ஊரில் அந்த எண்ணிக்கை தேறாது. வெளியூர் யூதர்கள் வந்து சேரும் நாளில் ஜெபம் நடந்தால் ஒதுங்கி நில்லுங்கள். ஜெப ஆலயம் இருக்கும் ஜூ டவுன் தெரு வீடுகளின் ஜன்னலுக்குள் கேமராவை நீட்டி ‘கடைசி யூதர்’ தேடுவதை அடியோடு விடுங்கள்.

அதே தெருவின் பழம்பொருள் கடைகளில் பழைய விளக்கு, கதவுச் சட்டத்தில் பதிக்கும் வேத வசனக் கூடான மெசூசா, எபிரேயம் எழுதிய தோல் துண்டு எல்லாம் யூத வீட்டிலிருந்து வந்தவை என்று சொல்லி விற்பார்கள். பெரும்பாலானவை அப்படி அல்ல. உண்மையாகவே தோராச் சுருளின் துண்டு என்றால், பழுதான சுருளைப் புதைப்பதுதான் யூத முறை, அதைச் சுவரில் மாட்ட விலைக்கு வாங்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த கலைப்பொருளையும் 75 ஆண்டு கடந்த முக்கியமான கையெழுத்துப் பிரதியையும் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. உள்நாட்டில் விற்கவும் உரிமம் வேண்டும். கடைக்காரரிடம் உரிமமும் பில்லும் கேளுங்கள், தரத் தயங்கினால் வாங்க வேண்டாம்.