தேயாத இரும்புக்கு ஒரு தனித் தோல்

கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரியில் எக்ஸ்கவேட்டர் ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பக்கெட்டை இணைக்கும் இரும்பு முளையான பக்கெட் பின்னைக் கல்லைவிடக் கல்தூள்தான் அதிகம் தின்கிறது என்பார்கள். பின்னுக்கும் அதைச் சுற்றியிருக்கும் குழாய் உறையான புஷ்ஷுக்கும் நடுவில் இருக்கும் கிரீஸில் தூள் கலந்துவிட்டால் போதும், உயவுப்பொருளே அரைக்கும் பசையாகிவிடும். கிரானைட்டில் குவார்ட்ஸ் உண்டு, அது சாதாரண எஃகைவிடக் கடினம். ராஜஸ்தான் பாலைவன மணலிலும் அதே குவார்ட்ஸ்தான், அங்கே ஓடும் டாங்கியின் சங்கிலிப் பட்டைப் பின்களுக்கும் இதே பாடுதான்.

சென்னை, கோவை, சேலம், திருச்சியோடு நம் ஓசூரும் தமிழ்நாட்டு ராணுவத் தளவாட உற்பத்தி வழித்தடத்தில் ஒரு முனை. அதனால் இங்கே பட்டறையில் நிற்கிற பையன்களுக்கு இரும்பு ஏன் தேய்கிறது, அதை எப்படித் தடுப்பது என்பது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பளபளவென்று பாலிஷ் போட்ட ஷாஃப்டும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தொப்பூர் கணவாய் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். இரண்டு பரப்புகள் உரசும்போது மேட்டின் முனைகள் மட்டும்தான் தொட்டுக்கொள்கின்றன, மொத்த பாரமும் அந்தச் சின்னப் புள்ளிகளில் இறங்கும்போது முனைகள் ஒன்றோடு ஒன்று பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும், நகர்ந்தால் பிய்ந்து வரும். பிய்ந்த துணுக்கு மற்ற இடத்தையும் கீறும். எஞ்சின் சீஸ் ஆவது, அதாவது இறுகி நின்றுபோவது, இது முற்றிப் போய்த்தான்.

சரி, முழுப் பாகத்தையும் கடினமாக்கிவிடலாமே? முடியாது. கடினமான எஃகு அடிபட்டால் உடையும், டாங்கி பின் பள்ளத்தில் விழும் ஒவ்வொரு தடவையும் அடி வாங்குகிறது. அதனால் உள்ளே அடி தாங்கும் உடம்பு, மேலே மட்டும் தேயாத தோல்.

அந்தத் தோலைக் கொடுப்பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது நைட்ரைடிங். மூடிய உலையில் 500 முதல் 550 டிகிரி சூட்டில் அம்மோனியா வாயுவை விடுவார்கள். அது இரும்பின் மேல் பட்டதும் உடைந்து, நைட்ரஜன் அணுக்கள் உலோகத்துக்குள் ஊறும். எஃகில் ஏற்கெனவே கலந்திருக்கும் குரோமியம், அலுமினியம், மாலிப்டினத்தோடு சேர்ந்து மிக நுண்ணிய நைட்ரைடு துகள்களாகி, அணு அடுக்குகள் வழுக்கி நகராமல் ஆப்பு வைத்த மாதிரி நிறுத்திவிடும். அதற்கேற்ற எஃகாக இருந்தால் மேற்பரப்பின் கடினம் 1,000 விக்கர்ஸ் (கடினத்தை அளக்கும் அலகு) வரைக்கும் வரும். ஆனால் பொறுமை வேண்டும், அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஊற 50 மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். எஃகுக்குள் கார்பனை ஊறவைக்கும் கார்பரைசிங்கில் 900 டிகிரிக்கு மேல் சூடாக்கி எண்ணெயில் முக்குவதால் ஜாப், அதாவது செய்கிற பாகம், கோணிக்கொள்ளும், அப்புறம் கிரைண்டிங் போட வேண்டும். நைட்ரைடிங்கில் முக்குகிற வேலையே கிடையாது, அளவு பெரிதாக மாறாது. கிராங்க் ஷாஃப்டுக்கும் துப்பாக்கிக் குழலுக்கும் இதை விரும்புவது அதனால்தான்.

பீரங்கிக் குழல் வேறு கதை. வெடிமருந்து வாயுவின் சூடு, ஒரு கணத்துக்குத்தான் என்றாலும், இரும்பு உருகும் 1,538 டிகிரியைத் தாண்டிவிடும். குரோமியம் 1,907 டிகிரியில்தான் உருகும், அதனால் உள்சுவரில் ஹார்டு குரோம் முலாம் பூசுகிறார்கள். அதிலும் ஒரு குறை. அந்த முலாமில் இயல்பாகவே மயிரிழை வெடிப்புகள் இருக்கும், வாயு அவற்றின் வழியே இறங்கி அடியிலுள்ள எஃகை அரித்தால் குரோம் செதில் செதிலாகப் பெயரும்.

புது கியர்களுக்கு மாங்கனீஸ் பாஸ்பேட் படிகங்களை மேலே படியவைக்கும் மாங்கனீஸ் பாஸ்பேட்டிங் போதும். அந்தப் படிகங்கள் எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொண்டு, முதல் ஓட்டத்தில் முனைகள் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும்.

எந்த முறையானாலும் பாதி வேலை கழுவுவதில்தான் இருக்கிறது. உலைக்குப் போகும் ஜாபில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் நைட்ரஜன் சரியாக ஊறாது, வெளியே எடுத்தால் கண்ணுக்குக் குறை எதுவும் தெரியாது, கடினத்தை அளக்கும் ஹார்ட்னஸ் டெஸ்டர் ஊசி மட்டும் அங்கே ஆழமாக இறங்கும்.