நியமன ஆணையா, வேலைச் சீட்டா?

போன வாரம் எங்கள் தெருவில் பூக்கட்டும் அக்கா ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். மகளுக்குக் காரைக்குடியில் ஜவுளிக்கடை வேலை. "ஆணை வந்திருச்சு தம்பி, கவர்மெண்டு முத்திரையைத்தான் காணோம்" என்றார். தலைப்பில் கொட்டை எழுத்தில் 'பணி நியமன ஆணை'. கேட்டுக் கேட்டுக் காது புளித்த சொல்.

2025 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்று, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு தாள் தரச் சொல்கிறது. தாள் இல்லாமலே வேலை பார்த்துவந்த பழைய ஆட்களுக்கு அன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் தர வேண்டும் என்பது கணக்கு. தாளில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை எங்கள் ஊர்க் கடைகளுக்கு மாநில அரசின் விதிதான் சொல்லும். அதில் 'ஆணை' என்ற சொல் ஏறிவிடக் கூடாதே என்றுதான் இப்போதே கத்துகிறேன்.

'நியமனம்' வடசொல், அடக்குதல், ஒழுங்குபடுத்தல் என்பது பழைய பொருள். 'ஆணை' என்றால் கட்டளை, சத்தியம். இவ்வளவு போதும்.

சட்டத்தின் ஆங்கில மூலத்தில் இருப்பது 'லெட்டர்'. 'ஆர்டர்' என்பது நம் ஆபீஸ் பேச்சு. அதைப் பிடித்துக்கொண்டு ஆணை என்று எழுதிவிட்டார்கள். ஓட்டலில் தோசைக்கு ஆர்டர் சொன்னால் அது தோசை ஆணையா? அரசு இட்டால் ஆணை, சரி. கடை முதலாளியும் வேலைக்கு வரும் பெண்ணும் பேசி ஒத்துக்கொண்டதில் ஆணையிட்டவர் யார்? சிலர் சுருக்கி 'பணியாணை' என்கிறார்கள். ரோடு போடும் காண்டிராக்டர் கையில் இருப்பதும் பணியாணைதான்! சொல் சும்மா இருப்பதில்லை. அக்கா நீட்டிய தாளில் வார விடுமுறை பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்கச் சொன்னேன். "ஆணையில இல்லாததை எப்படித் தம்பி கேக்குறது?" என்றார் அக்கா.

இத்தனைக்கும் இந்தச் செட்டிநாட்டுச் சீமைக்கு இது புதுச் சங்கதியே இல்லை. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்தப் போன நாளில், கடையைப் பார்க்கும் மேலாளும் அவருக்கு அடுத்த நிலை அடுத்தாளும் கப்பலேறுமுன் முதலாளியோடு 'சம்பளச் சீட்டு' எழுதிக்கொண்டார்கள். பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கு. சம்பளம் இவ்வளவு, முன்பணம் இவ்வளவு என்று பேசியதெல்லாம் அதில் இருக்கும். வட்டிக்கடைக்காரர்கள் தாராளப் பிரபுக்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களும் அதை ஆணை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். (சம்பளமே வடமொழியில் வழிநடைக் கட்டுச்சோறு என்று அகராதி சொல்லும். சம்பாவும் உப்பளமும் சேர்ந்தது என்பாரும் உண்டு. கப்பலேறியவனுக்குக் கட்டுச்சோறு பொருந்தத்தான் செய்கிறது.)

'சம்பளச் சீட்டு' என்ற அதே சொல்லை இன்று எடுத்தால் மாதாமாதம் தரும் சம்பள ரசீது என்று நினைப்பார்கள். அதனால் 'வேலைச் சீட்டு' என்கிறேன். சீட்டு தூய தமிழா என்று ஒரு நண்பர் மல்லுக்கு நிற்கிறார். 'பணியமர்த்தக் கடிதம்' அவருடைய ஆக்கம். பொருள் குற்றமில்லை, ஆனால் அக்கா வாயில் நுழையாது. சீட்டு என்றால் சீட்டாட்டம், சீட்டுப் பிடிப்பது என்று குழம்பாதா என்றும் கேட்கிறார். வேலையை விட்டு நிறுத்துவதை 'சீட்டைக் கிழிச்சுட்டாங்க' என்றுதானே ஊரே சொல்கிறது? கிழிக்கும்போது சீட்டு, கொடுக்கும்போது மட்டும் ஆணையா?

சட்டத்தைத் தெளிவாகச் சொல்ல நமக்கு வராது என்றும் இல்லை. 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திக் கடை ஊழியர்களுக்கு இருக்கை தரச் சொன்னார்கள். 'உட்காரும் உரிமை' என்றதும் நாளெல்லாம் கால்கடுக்க நின்ற பெண்களுக்கு யாரும் பொழிப்புரை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அக்கா தாளை மடித்துப் பூக்கூடைக்குள் வைத்தார். "அப்ப இது வேலைச் சீட்டுதானா? லீவு எழுதலையேன்னு நாளைக்கே கேட்டுட்டு வரச் சொல்றேன்" என்றார்.