ஏழு வயதில் பல்லுக்குக் கம்பி தேவையா?

இரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்குப் புதுப்பல் முளைக்கும்போது வீட்டில் கவலையும் கூடவே முளைத்துவிடும். சின்ன முகத்தில் பெரிய பெரிய பற்கள். நடுவில் சந்து. பக்கத்துப் பற்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். விசேஷ வீட்டுக்குப் போனால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "இப்பவே கம்பி கட்டிடுங்க, அப்புறம் வளையாது" என்பார் ஒருவர். "எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டும், பார்த்துக்கலாம்" என்பார் இன்னொருவர்.

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அவர்கள் பேசுவது வேறு வேறு கோளாறுகளைப் பற்றி. அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் ஏழு வயதுக்குள் குழந்தையை ஒருமுறை காட்டிவிடச் சொல்கிறது. காட்டுவது வேறு, கம்பி கட்டுவது வேறு. ஆறு வயது வாக்கில், பால் பற்களுக்குப் பின்னால், முதல் நிரந்தரக் கடைவாய்ப்பற்கள் வந்துவிடும். அடுத்த ஒன்றிரண்டு வருடங்களில் முன்பற்கள் மாறும். அதனால் மேல் தாடையும் கீழ்த் தாடையும் முன்னாலும் பக்கவாட்டிலும் எப்படிப் பொருந்துகின்றன என்று இந்த வயதில்தான் முதன்முதலாகத் தெளிவாகத் தெரிகிறது. பார்த்துவிட்டு "ஒன்றும் வேண்டாம், அடுத்த வருடம் வாருங்கள்" என்று மருத்துவர் அனுப்பினால் அது நல்ல செய்தி. காசு வீணாகிவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை.

மேல் முன்பற்களுக்கு நடுவே உள்ள சந்தை எடுத்துக்கொள்வோம். ஏழிலிருந்து பதினொரு வயது வரை பல குழந்தைகளுக்கு இது இருக்கும். காரணம் எலும்புக்குள் இருக்கிறது. இன்னும் வெளிவராத கோரைப்பற்கள் பக்கத்து வெட்டுப்பற்களின் வேரை ஒட்டி நிற்கின்றன. வேர் நடுப்பக்கம் தள்ளப்படுவதால் பல்லின் தலை வெளிப்பக்கம் சாய்கிறது. பதினொன்று, பன்னிரண்டு வயதில் கோரைப்பல் இறங்கி வரும்போது சாய்வும் நிமிரும், சிறிய சந்தும் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். இந்தச் சந்தை அவசரப்பட்டு மூடப்போனால் வேர்கள் கோரைப்பல்லின் பாதையில் குறுக்கிட்டுவிடலாம். எட்டு வயதில் கீழ் முன்பற்கள் லேசாக நெருக்கியடித்து நிற்பதும் இப்படித்தான். இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு நெருக்கம் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை.

இயற்கை கொஞ்சம் இடத்தை மிச்சமும் வைத்திருக்கிறது. பால் கடைவாய்ப்பற்கள், அவை விழுந்த இடத்தில் முளைக்கும் நிரந்தரப் பற்களைவிட அகலமானவை. அதனால் கீழ்த் தாடையில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 1.7 மில்லிமீட்டரும் மேல் தாடையில் சுமார் 0.9 மில்லிமீட்டரும் மிஞ்சும். நம் வீடுகளில் இந்த இடம்தான் அநியாயமாகப் பறிபோகிறது. "பால் பல்தானே, விழப்போகிறதுதானே" என்று சொத்தையை அப்படியே விட்டு, வலி வந்ததும் பிடுங்கிவிடுகிறோம். பின்னால் இருக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல் அந்தக் காலி இடத்தில் முன்னோக்கி நகர்கிறது. பத்து, பதினொரு வயதில் முளைக்க வேண்டிய பல்லுக்கு இடமில்லாமல் போகிறது. பல்லைச் சீக்கிரமே எடுக்க வேண்டி வந்தால், பக்கத்துப் பல்லில் ஒரு வளையம் மாட்டி, அதிலிருந்து ஒரு கம்பியை நீட்டி அந்த இடத்தைக் காக்கலாம். சின்ன வயதில் செய்கிற சீரமைப்பு வேலைகளில் இதைவிட எளிதானதும் பயனுள்ளதும் குறைவு.

சரி, எதைத்தான் தள்ளிப்போடக் கூடாது? முக்கியமானது குறுகிய மேல் தாடை. கடிக்கும்போது மேல் கடைவாய்ப்பற்கள் கீழ்ப்பற்களுக்கு வெளியே அமர வேண்டும். மேல் தாடை குறுகலாக இருந்தால் அவை உள்ளே போய்விடும். பல்லோடு பல் சரியாகச் சேராததால் குழந்தை தன்னையறியாமல் கீழ்த் தாடையை ஒரு பக்கம் தள்ளிக் கடிக்கப் பழகும். முகவாய் நடுக்கோட்டிலிருந்து விலகி நிற்பதை எதிரே உட்கார்ந்து பார்த்தாலே கண்டுபிடிக்கலாம். வருடக்கணக்கில் இப்படியே கடித்தால் தாடையின் இரு பக்கமும் சமமாக வளராமல் போகக்கூடும்.

இங்கேதான் வயது முக்கியமாகிறது. கீழ்த் தாடையின் இரு பாதிகளும் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போதே ஒன்றாகிவிடுகின்றன. மேல் தாடையின் இரு பாதிகளோ பதின்பருவம் வரை முழுதாக ஒட்டுவதில்லை. அண்ணத்தின் நடுவில் முன்பின்னாக ஒரு பொருத்துக்கோடு ஓடுகிறது. சின்ன வயதில் அது ஏறக்குறைய நேராக இருக்கும். வயது ஏற ஏற, இரண்டு கைவிரல்களையும் கோத்துக்கொண்டதுபோல் இரு பக்க எலும்பும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்ளும். அப்புறம் அதைப் பிரிக்க எலும்பில் திருகாணி இறக்க வேண்டும், அல்லது அறுவை செய்ய வேண்டும்.

சிக்குவதற்கு முன்னால் போதுமானது ஒரு சின்னத் திருகு. கடைவாய்ப்பற்களில் மாட்டிய உலோகச் சட்டம் அண்ணத்தின் குறுக்கே போகும், நடுவில் திருகு இருக்கும். அம்மாவோ அப்பாவோ குழந்தையை அண்ணாந்து வாயைத் திறக்கச் சொல்லி, ஊக்கு மாதிரியான சாவியைத் திருகின் துளையில் நுழைத்து, முன்னாலிருந்து பின்னால் கால் சுற்று தள்ள வேண்டும். ஒரு தள்ளலுக்கு 0.2 முதல் 0.25 மில்லிமீட்டர் விரியும். நாளைக்கு ஒருமுறையா, இரண்டுமுறையா, ஒருநாள் விட்டு ஒருநாளா என்பதை வயதைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். மூக்கடியிலும் பற்களிலும் சில நிமிடம் இறுக்கம் தெரியும், பிறகு அடங்கிவிடும்.

சில நாட்களில் மேல் முன்பற்களுக்கு நடுவே திடீரென்று சந்து விழும். பெற்றோர் பதறுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் அது எலும்பு திறந்துவிட்டதற்கான அடையாளம். ஈறுக்குள் பல்லையும் பல்லையும் இணைக்கும் நார்கள் இழுத்து, அந்தச் சந்து பெரும்பாலும் தானாகவே மூடும். விரிந்த இடைவெளியில் புது எலும்பு நிரம்பப் பல மாதங்கள் ஆகும் என்பதால், திருகுவது முடிந்தாலும் சட்டம் வாயிலேயே இருக்கும்.

இது புதிய வித்தை அல்ல. 1860-இல் சான் பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்செல் என்ற பல் மருத்துவர் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு இப்படித் திருகு வைத்து, இரண்டு வாரத்தில் முன்பற்கள் விலகியதாக எழுதினார். தாடை எலும்பே பிரிந்தது என்றபோது சக மருத்துவர்கள் நம்பத் தயங்கினார்கள். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படாத காலம், காட்டுவதற்குச் சான்று இல்லை. நூறு ஆண்டுகள் கழித்து, 1961-இல், ஆண்ட்ரூ ஹாஸ் என்ற அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் பன்றிகளிலும் பிறகு நோயாளிகளிடமும் செய்து காட்டிய பின்தான் இந்த முறை பரவலானது.

மேல் தாடை குறுகுவதற்கு விரல் சப்புவதும் ஒரு காரணம். பல்லை நகர்த்துவது அழுத்தத்தின் பலத்தைவிட அது நீடிக்கும் நேரம்தான். பகலில் கொஞ்ச நேரம் பலமாகச் சப்பும் குழந்தையைவிட, இரவெல்லாம் விரலை வாயில் வைத்துத் தூங்கும் குழந்தைக்குத்தான் பாதிப்பு அதிகம். விரல் இருக்கும்போது நாக்கு கீழே இறங்கிவிடுகிறது. உள்ளிருந்து தாங்க நாக்கு இல்லாதபோது கன்னத் தசைகள் மேல் பற்களை உள்நோக்கி அழுத்துகின்றன. முன்பற்கள் மாறும் முன் பழக்கம் நின்றுவிட்டால், கடிக்கும்போது மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே விழும் இடைவெளி பெரும்பாலும் சரியாகிவிடும். குறுகிய தாடை அப்படித் தானாக விரியும் என்று நம்பியிருக்க முடியாது. வேப்பெண்ணெய் தடவுவதையும் அதட்டுவதையும்விட, அரவணைத்துப் பேசி, விடுபட்ட ஒவ்வொரு இரவையும் பாராட்டுவது நல்லது.

மேல் முன்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே போய்க் கடிப்பதையும் தள்ளிப்போடக் கூடாது. கீழ்ப்பல்லின் ஈறு இறங்கத் தொடங்கிவிடும். காரணம் மேல் தாடையே பின்தங்கியிருப்பது என்றால், நெற்றியிலும் முகவாயிலும் தாங்கும் முகச்சட்டத்தோடு ரப்பர் மாட்டி, தாடையை முன்னால் இழுக்கலாம். பத்து வயதுக்கு முன் இது நன்றாக வேலை செய்கிறது.

ஆனால் பெற்றோர் அதிகம் கவலைப்படும் எத்துப்பல்லுக்கு விடை வேறு. வட கரோலினா, புளோரிடா, பிரிட்டன் ஆகிய இடங்களில் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்குச் சின்ன வயதில் ஒருமுறையும் பதின்பருவத்தில் இன்னொரு முறையும் சிகிச்சை. மற்றதற்குப் பதின்பருவத்தில் மட்டும். முடிவில் தாடையின் பொருத்தத்தில் குறிப்பிடும்படி வேறுபாடு இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு இவற்றைத் தொகுத்த அறிக்கை 2007-இல் வந்தது, 2013-இலும் 2018-இலும் புதுப்பிக்கப்பட்டது. முன்கூட்டிச் செய்ததில் தெரிந்த ஒரே லாபம், விழுந்து முன்பல்லை உடைத்துக்கொள்வது குறைந்தது என்பதுதான். ஓடியாடி விழும் பிள்ளைக்கும், பல்லைச் சொல்லிக் கேலி செய்வதால் பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளைக்கும் அது போதுமான காரணம் என்பேன். மற்றவர்கள் வளர்ச்சி வேகமெடுக்கும் வயது வரை காத்திருக்கலாம்.

கடைசியாகக் கோரைப்பல். ஒன்பது, பத்து வயதில் மேல் உதட்டை விலக்கி, பால் கோரைப்பல்லுக்கு மேலே ஈறில் விரலால் தடவினால், வரப்போகும் பல்லின் புடைப்பு தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லையென்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள், பல் அண்ணத்துப் பக்கம் வழிதவறியிருக்கலாம். அந்தக் கட்டத்தில் பால் கோரைப்பல்லை எடுத்துவிட்டாலே பல நேரம் பாதை திரும்பிவிடுகிறது. ஸ்வீடனின் எரிக்சனும் குரோலும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் இப்படி வழிதவறிய 46 பற்களில் 36 சரியான இடத்துக்கு வந்தன. பக்கத்து வெட்டுப்பல்லின் நடுக்கோட்டைத் தாண்டாத பற்களில் 91 சதவீதம் திரும்பின. தாண்டியவற்றில் 64 சதவீதம்தான்.