ஊடாடும் கலை: சொல் விளக்கம்

‘இன்டராக்டிவ் ஆர்ட்’ என்பதைத் தமிழில் ‘ஊடாடும் கலை’ எனலாம். ‘ஊடாட்டக் கலை’ என்றாலும் சரிதான். பார்க்க வந்தவர் தொட்டாலோ, நடந்தாலோ, பேசினாலோ, எதையாவது எழுதினாலோ அதற்கேற்ப மாறும் படைப்பு இது. ஆள் வராத நேரத்தில் அது பாதிப் படைப்புதான்.

‘ஊடு’ என்றால் இடை, நடு. ஊடுருவல், ஊடகம், இலங்கைத் தமிழர் நாள்தோறும் சொல்லும் ‘ஊடாக’ எல்லாம் இந்தக் குடும்பம். தறியில் பாவு நூலுக்குக் குறுக்கே போய்வரும் நூலுக்கும் ஊடு, ஊடை என்றுதான் பெயர். ‘ஆடு’ என்பது அசைவு. இரண்டும் சேர்ந்த ‘ஊடாடு’ என்ற வினைக்கு நடுவே புகுந்து புழங்குதல், நெருங்கிப் பழகுதல் என்று பொருள். கணினி வருவதற்கு வெகு முன்பே இருந்த சொல். காதலர் பிணக்கான ஊடலை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன் பொருள் வேறு.

ஆங்கிலச் சொல் லத்தீன் வேர்களிலிருந்து வந்தது. ‘இன்டர்’ என்றால் இடையே, ‘ஆகெரே’ என்றால் செய்தல். அதை அப்படியே பெயர்த்தால் ‘இடைவினை’ வரும். துகள்களுக்கும் வேதிப்பொருள்களுக்கும் அந்தச் சொல் நன்றாக நிலைத்துவிட்டது, அங்கேயே இருக்கட்டும். சீன மொழியில் ‘ஹுதுங்’ என்கிறார்கள். ஹு என்பது ஒன்றுக்கொன்று, துங் என்பது அசைவு. அவர்களும் நம்மைப் போலவே அசைவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சீனாவின் பழைய கைச்சுருள் ஓவியங்களைப் பார்த்தால் இது எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். பல மீட்டர் நீளமுள்ள சுருளை யாரும் முழுதாக விரித்து மாட்டிவைப்பதில்லை. மேசைமேல் வைத்து, வலமிருந்து இடமாக, ஒரு கையால் விரித்துக்கொண்டே மறு கையால் பார்த்து முடித்த பகுதியைச் சுருட்டிக்கொண்டு போவார்கள். எந்த மலையடிவாரத்தில் நிற்பது, எந்தப் படகை விட்டுக் கடப்பது என்பதெல்லாம் பார்ப்பவர் கையில். அப்புறம், சுருளை வைத்திருந்தவர்கள் அதில் தங்கள் முத்திரையைச் சிவப்பு மையில் பதிப்பார்கள், வெற்றிடத்தில் கவிதையோ குறிப்போ எழுதுவார்கள். ஓவியர் இறந்து நூற்றாண்டுகள் ஆன பிறகும் படைப்பு வளர்ந்துகொண்டே இருக்கும்.

18ஆம் நூற்றாண்டுப் பேரரசர் சியென்லுங்குக்கு இதில் அடங்காத ஆசை. ஹுவாங் கோங்வாங் 1350இல் முடித்த ஃபூச்சுன் மலை ஓவியத்தின் பிரதி ஒன்றை அசல் என்று நம்பி, அதில் இடம் கிடைத்த பக்கமெல்லாம் ஐம்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதித் தள்ளினார். உண்மையான ஓவியம் போலி என்று ஒதுக்கப்பட்டதால் அவர் தூரிகைக்குத் தப்பியது. இன்று அந்த அசல் இரண்டு துண்டாக ஹாங்சோவிலும் தைபேயிலும் இருக்கிறது.

இந்த மரபிலிருந்து வந்த இன்றைய கலைஞர்களில் ஷு பிங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1955இல் சோங்சிங்கில் பிறந்தவர். ஆங்கில எழுத்துகளைச் சீன எழுத்தைப் போலச் சதுரத்துக்குள் அடுக்கி எழுதும் முறையை 1994இல் தொடங்கினார். 1998இல் அதைக் கணினிக்குக் கொண்டுவந்தார். வந்தவர் தன் குடும்பப் பெயரைத் தட்டச்சு செய்தால் அது சதுர எழுத்தாகக் கிடைக்கும். முதல் பார்வையில் சீனம்போல இருக்கும். எழுத்துக்கூட்டிப் படித்தால் தன் பெயரே அங்கே இருப்பது தெரியும். அவரவர் பெயர் இல்லாமல் அந்தப் படைப்பே இல்லை. ஊடாட்டம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங் அருகே, பௌத்தச் சுவரோவியங்கள் நிறைந்த மொகாவோ குகைகளை வைத்து சாரா கெண்டர்டைன், ஜெஃப்ரி ஷா இருவரும் 2012இல் ஹாங்காங்கில் உருவாக்கிய படைப்பும் இந்த வகைதான். அவர்கள் எடுத்துக்கொண்டது, கி.பி. 642ஆம் ஆண்டு குறிக்கப்பட்ட 220ஆம் குகை. ஒரு வடிவத்தில், குகையின் அளவிலேயே அமைந்த அறையின் சுவர்களில் வெறும் கோட்டு வலைதான் இருக்கும். கைக்கணினியை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ, அந்தப் பகுதியின் ஓவியம் திரையில் தோன்றும். ஆட்களின் மூச்சுக்காற்றின் ஈரம்கூட உண்மையான சுவரோவியத்தைக் கெடுக்கும் என்பதால், தயங்காமல் நெருங்கிப் பார்க்க இப்படி ஒரு வழி தேவைதான்.

திரையில் ஏதாவது அசைந்தாலே ‘இன்டராக்டிவ்’ என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. 2010 ஷாங்காய் உலகக் கண்காட்சியில், பழைய சீன நகரம் ஒன்றின் அன்றாட வாழ்க்கையைக் காட்டும், ஐந்து மீட்டர் சொச்சம் நீளமுள்ள சிங்மிங் சுருள் ஓவியத்தை நூறு மீட்டருக்கும் மேல் பெரிதாக்கி, ஓவியத்து ஆட்கள் நடப்பதுபோலவும் பகல் இரவாவதுபோலவும் காட்டினார்கள். பிரமாதமான வேலை. ஆனாலும் பார்ப்பவர் என்ன செய்தாலும் அது தன் போக்கில்தான் ஓடும். அதை அசைவோவியம் என்று சொன்னால் போதும். உயரமான கட்டடங்களையும் பாரந்தூக்கிகளையும் ஒட்டிச் சேர்த்து மலையும் நீரும் கொண்ட பழைய சீன இயற்கைக் காட்சிபோல ஆக்கும் சீனக் கலைஞர் யாங் யோங்லியாங்கின் நிழற்படங்களும் டிஜிட்டல் படைப்புகள், ஊடாடும் படைப்புகள் அல்ல.

‘டிஜிட்டல்’ என்ற சொல்லுக்கு எண்ணிமம் என்றும், சிங்கப்பூரில் மின்னிலக்கம் என்றும் எழுதுகிறார்கள். இரண்டுமே நல்ல சொற்கள். தொடர்களில் இப்படி வரும்: ஊடாட்டத் திரை, ஊடாட்டக் கலைஞர், பார்வையாளரோடு ஊடாடும் சிற்பம். ‘ஊடாடல்’ என்றும் எழுதுவதுண்டு. ‘ஊடல்’ என்று அவசரத்தில் தவறிப் படிக்க இடம் தருவதால் நான் ‘ஊடாட்டம்’ என்றே எழுதுகிறேன்.