சேறு செய்யும் வேலை

1950-ஆம் ஆண்டு மே மாதம். டென்மார்க்கில் அடுப்பெரிக்கச் சதுப்பில் கரிமண் வெட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தார் மண்ணுக்குள் மனித முகம் ஒன்றைக் கண்டு பதறிப்போய்ப் போலீசுக்குச் சொன்னார்கள். கழுத்தில் பின்னிய தோல் கயிறு சுற்றியிருந்தது. மோவாயில் அரும்பியிருந்த முடிகூடத் தெரிந்தது. அண்மையில் நடந்த கொலை என்றே நினைத்தார்கள். ஆராய்ந்து பார்த்தபோது அவர் இறந்து சுமார் 2,400 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசியாகச் சாப்பிட்ட பார்லிக் கஞ்சியின் மிச்சம் குடலில் இருந்தது.

டோலுண்ட் மனிதர் என்று இன்று அழைக்கப்படும் அவரைக் கெடாமல் காத்தவை சதுப்பின் குளிர்ச்சியும், அங்கே வளரும் பாசி உண்டாக்கிய அமிலத்தன்மையும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆக்ஸிஜன் இன்மையும்தான். ஈரநிலம் என்றால் பலருக்கு நீர்ப்பரப்பும் பறவைகளும் நினைவுக்கு வரும். ஆனால், அதன் மதிப்பில் பெரும்பங்கு அடியில் கிடக்கும் மூச்சற்ற சேற்றில் இருக்கிறது. இது தெரியாததால், ஈரநிலத்தின் எதிரிகள் மட்டுமல்ல, அதன் நண்பர்களும் அதைக் கெடுக்கிறார்கள்.

காற்றோடு ஒப்பிட்டால், ஆக்ஸிஜன் நீருக்குள் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மண் நீரில் ஊறிவிட்டால், மேலிருந்து இறங்கும் கொஞ்ச ஆக்ஸிஜனையும் முதல் சில மில்லிமீட்டருக்குள்ளேயே நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். அதற்குக் கீழே வாழும் பாக்டீரியாக்கள் வேறு பொருள்களைக் கொண்டு பிழைத்தாக வேண்டும். பொதுவாக முதலில் நைட்ரேட்டைப் பிடிக்கின்றன; பிறகு மாங்கனீசு, இரும்பு, சல்ஃபேட். எல்லாம் தீர்ந்த இடத்தில் சில நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன.

இந்த வரிசையைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை, ஒரு மண்வெட்டி போதும். ஈரநிலத்தின் ஓரத்தில் ஒரு முழ ஆழம் வெட்டி எடுத்த மண்கட்டியைப் பிளந்து பாருங்கள். காற்றோட்டமுள்ள மண்ணுக்குச் செம்மையும் பழுப்பும் தருவது துருப்பிடித்த இரும்பு. ஆக்ஸிஜன் இல்லாத சேற்றில் அந்த இரும்பு கரைந்து நகர்ந்துவிடுவதால் மண் சாம்பல் நிறத்தில், சில இடங்களில் நீலம் பாய்ந்தும் இருக்கும். நடுவே துருவின் ஆரஞ்சுக் கோடுகள் மெல்லியதாக ஓடும். அவை வேர்கள் போன தடங்கள். நாணலும் சம்பும் தண்டுக்குள் இருக்கும் காற்றுக்குழல்கள் வழியாக ஆக்ஸிஜனை வேருக்கு அனுப்புகின்றன. அதில் சிறிது வேரின் தோல் வழியே கசிந்து சுற்றியுள்ள இரும்பைத் துருவாக்குகிறது. உப்பங்கழிச் சேறு என்றால் அழுகிய முட்டை நாற்றமும் வரும். சல்ஃபேட்டைக் கொண்டு பிழைக்கும் பாக்டீரியாக்களின் கைவரிசை அது. மூக்கைப் பொத்திக்கொண்டு ‘சாக்கடை’ என்று தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

நீர் தூய்மையாவது இந்தச் சாம்பலும் துருவும் சந்திக்கும் எல்லையில்தான். வயல்களின் உரமும் வீடுகளின் கழிவும் நைட்ரஜனை நீரில் கொண்டுவந்து கொட்டுகின்றன. அதில் அம்மோனியா வடிவில் இருப்பதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். அவை வேரை ஒட்டி வாழ்கின்றன. நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவாக்கும் பாக்டீரியாக்களோ ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில்தான் அந்த வேலையில் இறங்கும். அவை சில மில்லிமீட்டர் தள்ளிச் சேற்றில் இருக்கின்றன. முதல் குழு முடித்ததை இரண்டாம் குழு வாங்கிக்கொள்கிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான் என்பதால், வெளியேறும் அந்த வாயுவால் தீங்கில்லை. நாணல் பாத்தி அமைத்துக் கழிவுநீரைச் சுத்தப்படுத்தும் முறையை 1950-களிலேயே ஜெர்மனியின் கேத்தே சைடல் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்.

இதைச் சொன்னதும், கழிவையெல்லாம் சதுப்பில் விட்டுவிடலாமே என்று சிலர் கிளம்புவார்கள். பாஸ்பரசுக்கு இப்படிக் காற்றில் பறந்துபோகும் வழி இல்லை. அது இரும்போடும் களிமண்ணோடும் ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கும். இரும்பு கரையும்போது மீண்டும் நீருக்கு வரும். சேற்றின் பொறுமைக்கும் எல்லை உண்டு.

வெள்ளத்தைப் பொறுத்தவரை ஈரநிலத்தைப் பஞ்சு என்பார்கள். ஏற்கெனவே ஊறிய பஞ்சு எதை உறிஞ்சும்? பெரும்பாலும் நடப்பது வேறு: வெள்ளம் அகலமாகப் பரவுகிறது, கோரைகளில் உரசி வேகம் இழக்கிறது, ஒரே நாளில் வந்து மோத வேண்டிய நீர் பல நாள்களாகப் பிரிந்து போகிறது. இதைக் கணக்குப் போட்டு நம்பியவர்கள் பொறியாளர்களே. அமெரிக்காவின் பாஸ்டன் நகர்வழியாக ஓடும் சார்ல்ஸ் ஆற்றில் வெள்ளத் தடுப்புக்கு வழி தேடிய ராணுவப் பொறியாளர் படை, ஆற்றின் மேற்பகுதியில் இருந்த சதுப்புகள் அந்த வேலையை முன்பே செய்துகொண்டிருப்பதைக் கண்டது. புதிய அணைக்குப் பதிலாக, 1977 முதல் 1983 வரை சுமார் 8,000 ஏக்கர் ஈரநிலத்தில் ஒரு பகுதியை விலைக்கு வாங்கி, மறுபகுதியில் வெள்ளநீரைத் தேக்கும் உரிமையை மட்டும் வாங்கி, அப்படியே விட்டுவைத்தது.

இனி கார்பன். மட்காத தாவரங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்து உருவானதே கரிமண். அது இருக்கும் நிலங்கள் உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதம்தான். ஆனால், உலகின் காடுகள் எல்லாம் தம் மரஞ்செடிகளில் வைத்திருப்பதைவிட அதிகக் கார்பனை அவை வைத்திருக்கின்றன. நீரை வடித்தால் ஆக்ஸிஜன் உள்ளே நுழையும். 2,000 ஆண்டுகள் கெடாமல் கிடந்தது சில பத்தாண்டுகளில் கார்பன் டை ஆக்சைடாகிப் போய்விடும். இங்கிலாந்தின் ஹோம் ஃபென் பகுதியில், சதுப்பை வடித்த காலத்தில், 1851 வாக்கில், ஓர் இரும்புத் தூணை அதன் தலை தரைமட்டத்தில் இருக்குமாறு புதைத்தார்கள். இன்று அந்தத் தூண் தரைக்கு மேல் சுமார் 4 மீட்டர் உயரம் நிற்கிறது. தூண் எழும்பவில்லை, நிலம்தான் இறங்கிவிட்டது. ஒரு பகுதி நீர் வற்றிச் சுருங்கியது, மறுபகுதி காற்றோடு போனது.

ஈரநிலங்கள் மீத்தேனையும் வெளிவிடுகின்றன என்பது உண்மை. இயற்கை மூலங்களில் அவையே முதலிடம். ஆனால், மீத்தேன் சுமார் பத்தாண்டுகளில் காற்றில் சிதைந்துவிடும். வடித்த கரிமண் விடும் கார்பன் டை ஆக்சைடோ தலைமுறைகளுக்கு நிற்கும். ஆகவே மீத்தேனைக் காரணம் காட்டி நிலத்தை வடிப்பது நட்டக் கணக்கு.

சேற்றின் வேலை புரிந்தால், காப்பதாக நினைத்துச் செய்யும் பல காரியங்கள் உறுத்தத் தொடங்கும். கரையைக் கான்கிரீட் சுவராக்கி நடைபாதை போட்டால், நாணல் வளரும் ஆழமற்ற ஓரம் போய்விடும். தூய்மைப் பணியில் பெரும்பகுதி நடந்த இடம் அதுதான். ஓரம் முதல் ஓரம் வரை ஒரே ஆழமாகத் தூர்வாரினாலும் அதே கதி. சதுப்பின் நடுவே மரக்கன்று நடுவதும் பல இடங்களில் கேடு. மரம் நீரை இழுத்து நிலத்தை உலர்த்திவிடும். தொட்டியில் வளர்த்துச் சலித்துப்போன மீனையும் ஆமையையும் இரக்கப்பட்டு ஏரியில் விடுவதை என்னால் இரக்கம் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. தென் அமெரிக்காவின் ஆகாயத்தாமரையும் அழகுச்செடியாகத்தான் கண்டம் விட்டுக் கண்டம் போனது.

செய்ய வேண்டியது பெரும்பாலும் சாட்சி வேலை. பருவகால ஈரநிலம் ஆண்டில் பல மாதங்கள் வெடித்துக் கிடக்கும்; அந்த மாதங்களில் எடுத்த படத்தைக் காட்டித்தான் ‘தரிசு’ என்று கோப்பில் எழுதுகிறார்கள். 1971-இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, தற்காலிகமாக நீர் நிற்கும் நிலத்தையும் ஈரநிலம் என்றே வரையறுக்கிறது. எனவே ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், எல்லாப் பருவத்திலும் தேதியுடன் படம் எடுத்து வையுங்கள். நீர் எந்த ஓடை வழியாக வருகிறது, எங்கே வெளியேறுகிறது என்று நடந்து பார்த்து வரைந்து வையுங்கள். வரத்து அடைபட்டால் எந்தச் சட்டத்தாலும் ஏரி நிரம்பாது. கட்டட இடிபாட்டின் முதல் லாரி வந்த அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். நூறாவது லாரிக்குப் பிறகு அது ‘மேடு’ ஆகிவிடும். திட்டங்களுக்கு ஆட்சேபம் தெரிவிக்கக் கெடு இருக்கும்போது, இந்தப் படமும் வரைபடமும் மண்ணின் சாம்பல் நிறமும் ஆவணமாகும்.

பறவைக் கணக்கெடுப்பு இன்னும் வலுவான சாட்சி. பன்னாட்டு நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1967 முதல் நடக்கிறது. ஆசியாவில் 1987-இல் தொடங்கியது. ஜனவரியில் தொலைநோக்கியோடு இறங்குவோரில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். 20,000 நீர்ப்பறவைகளையோ, ஓர் இனத்தின் எண்ணிக்கையில் 1 சதவீதத்தையோ வழக்கமாகத் தாங்கும் நிலம், அந்த உடன்படிக்கையின்படி பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களைச் சேர்க்கும் ராம்சர் பட்டியலுக்குத் தகுதி பெறும். ‘வழக்கமாக’ என்பதை நிறுவ ஒரு நல்ல ஆண்டின் கணக்கு போதாது. பறவையே வராத ஆண்டிலும் போய், சுழியம் என்று எழுதி, தேதி போட்டுக் கொடுக்க வேண்டும்.