சொன்னால் நடிப்பார்களாம்!

கும்பகோணத்தில் படத்தொகுப்பு வேலை பார்க்கிறேன். குறுவை அறுவடை நேரம் வந்தால் யாராவது ஒரு தம்பி ஹார்ட் டிஸ்க்கோடு வந்துவிடுவார். “சோதனை முயற்சிண்ணா. சனங்க சும்மா இருக்கும்போது எப்படி இருக்காங்கன்னு பத்து நிமிஷப் படம்.”

இந்த முறை வந்தவர், நெல் கொள்முதல் நிலையத்தில் குவியலுக்குப் பக்கத்தில் தூங்கிய ஒரு பெரியவரை எதிரே நின்ற வேனுக்குள் இருந்து எடுத்திருந்தார். அடுத்த ஷாட், டாஸ்மாக் வாசல். முன்னோட்டம் என்று நாற்பது நொடி இன்ஸ்டாகிராமில் ஏற்கெனவே ஏறியாயிற்று. கீழே வரிசையாகக் ‘குடிகாரன்’ என்று எழுதியிருந்தார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதால் நெல்லைக் காயவைத்துக்கொண்டு மூன்று ராத்திரி கண்விழித்த மனிதர் அவர். அங்கே மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர் என்னைப் போனில் கூப்பிட்டுத் திட்டித்தான் எனக்கே தெரியும்.

எடுப்பதற்கு ஏன் சம்மதம் கேட்கவில்லை என்றால் எல்லோரிடமும் ஒரே பதில்: “சொன்னா நடிப்பாங்க, இயல்பு போயிடும்.”

போகாது. முதல் நாள் தலை சீவுவார்கள், ‘எந்த டிவி?’ என்பார்கள். அதை எடுக்காமல் டீ குடியுங்கள். திருவையாற்று டீக்கடை ஒன்றில் ஐந்து நாள் உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாம் நாள் மாஸ்டர் என் ட்ரைபாட் மேலேயே ஈரத் துண்டைக் காயப்போட்டார். கடன் பாக்கிச் சண்டை ஒன்று முழுசாகக் கிடைத்தது அன்றைக்குத்தான். ஒளிந்து எடுத்தால் முதுகும் பாதி முகமும் தேறும். பேச்சுக்குப் பதில் பம்புசெட் சத்தம் பதிவாகும். (ஒலிப்பதிவுக்கு ஆள் இல்லாமல் டெல்டாவுக்கு வருகிறவர்களை என்ன சொல்ல!) 1960-ல் பாரிஸில் இயக்குநர் ழான் ரூஷும் சமூகவியலாளர் எட்கார் மொரானும் ஒரு படத்துக்காக, தெருவில் போகிறவர்களிடம் மைக்கை நீட்டி “சந்தோஷமாக இருக்கிறீர்களா?” என்று கேட்க வைத்தார்கள். எடுத்ததை அதில் பங்கேற்றவர்களுக்கே போட்டுக் காட்டி, அவர்கள் வாதாடியதையும் படத்தில் சேர்த்தார்கள். அதற்குப் பெயர் சோதனை முயற்சி.

முகம் தெரிந்தால் கேளுங்கள். முன்னால் முடியாவிட்டால் எடுத்த கையோடு போய்க் கேளுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண்முன்னே அழியுங்கள். சம்மதத்தைப் பேச்சாகவே பதிவு செய்யலாம், கைநாட்டு வைப்பவரிடம் இங்கிலீஷ் படிவத்தை நீட்டாதீர்கள். குழந்தை என்றால் பெற்றோரிடம் கேட்க வேண்டும். அப்புறம், ஆடிப்பெருக்கன்று படித்துறையில் பெண்கள் குளிக்கிற, உடை மாற்றுகிற பக்கம் லென்ஸே திரும்பக் கூடாது. பொது இடம்தானே என்று என்னிடம் வாதாடாதீர்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இதற்கென்றே 77-ஆம் பிரிவு இருக்கிறது. குற்றம் நிரூபணமானால் முதல் முறைக்கே ஓராண்டுக்குக் குறையாத சிறை. தயவுசெய்து, காட்ட வேண்டியவரிடம் காட்டும்வரை முன்னோட்டம் எதையும் ஏற்றாதீர்கள் தம்பிகளா.

அந்த நாற்பது நொடியைத் தம்பி அன்றே இன்ஸ்டாகிராமிலிருந்து நீக்கிவிட்டார். மறுநாள் அவரோடு நானும் பெரியவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் பாய் விரித்தார்கள், மோர் கொடுத்தார்கள். அவர் மட்டும் உள்ளேயிருந்து வரவில்லை.