பேஸ்: கலையா, அவத்தையா, கட்டமா?

ஈரலில் கட்டி என்று சந்தேகம் வந்தால் சி.ரி. ஸ்கான் துண்டில் ‘ரிபிள் பேஸ்’ (triple phase) என்று எழுதுவார்கள். மூன்று தரம் படமெடுப்பதாக்கும் என்று விளங்கிக்கொள்வோம். மருந்து ஏற்றியபின் எடுப்பது மூன்று தரம்தான். ஆனால் ‘பேஸ்’ என்ற சொல் சுட்டுவது, படத்தில் வெளிச்சமாகத் தெரிவதற்காக ஏற்றிய அயடீன் மருந்து அந்த நேரம் எந்தக் குருதிக்குழாயில் நிற்கிறது என்பதை.

சொல்லின் வேர் கிரேக்கம்: ‘ஃபாசிஸ்’, தோற்றம். நிலவு தேய்ந்து வளரும் தோற்றங்களுக்கு வழங்கிப் பிறகு மற்றத் துறைகளுக்குப் போனது. நிலவுக்குத் தமிழில் கலை என்ற சொல் உண்டு, ஆனால் ‘முக்கலை ஸ்கான்’ என்றால் யாருக்கும் பிடிபடாது. எங்கள் உயர்தரப் பௌதிகவியலில் ‘அவத்தை வித்தியாசம்’ படித்தவர்களுக்கு அவத்தை பழகிய சொல். நோயாளியின் துண்டில் மட்டும் அதை எழுதக்கூடாது. ‘மூன்று அவத்தை’ என்று வாசித்தால் அவர் ஸ்கானுக்கே வரமாட்டார். கட்டம் என்பதே பொருந்தும்.

ஈரலுக்கு வரும் குருதியில் ஏறக்குறைய 75 வீதம் வாயினாளத்தால் (குடலிலிருந்து ஈரலுக்குக் குருதி கொண்டுவரும் நாளம்) வருகிறது, மிச்சம் ஈரல் நாடியால். ஈரலில் தொடங்கும் புற்றுக்கட்டி பெரும்பாலும் நாடிக் குருதியிலேயே வளரும். அதனால் மருந்து ஏற்றத் தொடங்கி 35 செக்கன் அளவில், நாடிக் கட்டத்தில், கட்டி வெளிச்சமாகத் தெரியும். 70 செக்கன் அளவில் வாயினாளக் கட்டம்: ஈரல் முழுக்க வெளிச்சமாகும், குடலிலிருந்து பரவிய கட்டிகள் பெரும்பாலும் கருமையாகத் தனித்து நிற்கும். 3 முதல் 5 நிமிடத்தில் பிந்திய கட்டம்: ஈரற்புற்று சுற்றியுள்ள ஈரலைவிட மங்கிவிடும், தீங்கற்ற குருதிக்குழாய்க் கட்டியோ ஓரத்திலிருந்து உள்நோக்கி நிரம்பிக்கொண்டிருக்கும்.

பிழை வருவது அதிகமும் நாடிக் கட்டத்தில். படத்தில் வாயினாளம் கொஞ்சமும் வெளிக்கவில்லையென்றால் அவசரப்பட்டு எடுத்திருக்கிறார்கள். சின்னக் கட்டி தவறிவிடும். வாயினாளம் இலேசாக வெளித்து, ஈரலிலிருந்து குருதியை வெளியே கொண்டுபோகும் ஈரல் நாளங்கள் வெளிக்காமல் இருப்பதே சரியான நேரம். இருதயம் பலவீனமானவருக்கு மருந்து சுணங்கித்தான் வரும், 35 செக்கன் கணக்கு அங்கே பொய்க்கும். அதனாலேயே பெருநாடியில் குறிவைத்து, மருந்து வந்து சேர்ந்ததைக் கண்டபின் நேரம் எண்ணுகிறார்கள். புறங்கையில் மெல்லிய கனுலா (மருந்து ஏற்ற நாளத்துள் செருகும் குழாய்) போட்டாலும் சிக்கல்தான்: செக்கனுக்கு 4 மில்லிலீற்றர் வேகத்தைத் தாங்காமல் மருந்து தோலுக்கடியில் கசியலாம். முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 கேஜ் அளவுக் கனுலா நல்லது.

இன்னொரு குழப்பம் எண்ணிக்கையில். மருந்தில்லாமல் எடுக்கும் முதற்படத்தையும் சிலர் ஒரு கட்டமாக எண்ணுவார்கள்; அப்போது பிந்திய கட்டம் விடுபட்டுப்போகும். எனவே ‘முக்கட்டம்’ என்று மட்டும் எழுதாமல் ‘நாடி, வாயினாளம், பிந்தியது’ என்று பெயர்சொல்லி எழுதுங்கள்.